கருமணலும் களப்பின் வாயும்: புல்மோட்டைக் கரையோரப் பயணம்

திருகோணமலை நகரிலிருந்து வடக்கே புறப்படும் கரையோரச் சாலை, கடலை வலப்புறத்திலும் வயலும் பற்றைக்காடும் மாறி மாறி வரும் நிலத்தை இடப்புறத்திலும் வைத்துக்கொண்டு, உப்புவெளி, நிலாவெளி, இறக்கக்கண்டி, கும்புறுப்பிட்டி, குச்சவெளி, திரியாய் ஆகிய ஊர்களைத் தொட்டுச் சென்று, ஏறத்தாழ 55 கிலோமீற்றர் தொலைவில் புல்மோட்டையை அடைகிறது. தூரம் பெரிதன்று; ஆயினும் பவளப்பாறை, மணல்மேடு, ஆற்றுமுகம், கண்டற்காடு, உலர்வலயக் காடு, குளப்பாசனம், களப்பு என ஒன்றுக்கொன்று முற்றிலும் வேறான நிலங்கள் இந்தச் சிறு தூரத்துக்குள் அடுத்தடுத்து வருவதை இலங்கையின் வேறு கரைகளில் காண்பது அரிது. இவற்றுள் மிகச் சிலவே வேலியிட்டுக் காட்சிக்கென ஒதுக்கப்பட்டவை. எஞ்சியவை மக்கள் குளிக்கும் நீராகவும் கறிக்கு வாங்கும் மீனாகவும் வீட்டுக் கிணற்றின் சுவையாகவும் அன்றாடத்துக்குள் கலந்திருப்பவை. ஆகவே இந்தச் சாலையில் செல்பவர் கண்டு களிக்கும் ஒவ்வொன்றுக்கும், அதைக் கொண்டு வாழும் ஒருவர் அருகிலேயே இருக்கிறார். எது எங்கிருந்து வருகிறது, எந்த மாதத்துக்கு உரியது என்று அறிந்து மகிழ்கின்றபோதுதான் இயற்கையை இரசிப்பதும் அதைப் பேணுவதும் ஒரே செயலாகின்றன என்பதற்குப் புல்மோட்டைக் கரை தெளிவான சான்று.

நிலாவெளிக்கு எதிரே, கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தொலைவில் இருக்கும் புறாமலைத் தீவு, அங்கு கூடு கட்டும் மாடப்புறாக்களால் பெயர் பெற்றது. 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட இத்தீவையும் சூழ்ந்த கடலையும் சேர்த்து ஏறத்தாழ 471 ஹெக்டயர் பரப்பு பாதுகாக்கப்படுகிறது. 1998இல் கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடேறியபோது இலங்கையின் மேற்கு, தெற்குக் கரைகளின் பவளங்கள் வெளிறிப் பெருமளவில் மடிந்தன. வெளிறல் என்பது, பவள உயிரியின் உடலுக்குள் வாழ்ந்து அதற்கு உணவும் நிறமும் தரும் நுண்பாசிகள் வெப்பத்தால் வெளியேறுவதாகும். திருகோணமலைப் பக்கத்துப் பவளங்களோ அப்போது பெரும்பாலும் தப்பின. ஆனால் வெப்பத்துக்குத் தப்பியதை ஒரு கால் மிதித்தே முறித்துவிடக்கூடும். பாறை போல் திரளும் பவளம் ஆண்டுக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவே வளர்வது. முட்டளவு நீரில் இளைப்பாற எண்ணி அதன் மேல் ஏறி நிற்பவர், தம் வயதையொத்த ஒரு வளர்ச்சியை ஒரு நொடியில் உடைத்துவிடுகிறார். மிதவைச் சட்டை அணிந்து, காலை ஊன்றாமல் மிதந்தபடியே பார்த்தல் என்னும் எளிய ஒழுக்கம் இங்கு எந்த அறிவிப்புப் பலகையையும் விடப் பெரிய காப்பு.

நிலாவெளிக்கு வடக்கே சாலை பல நீர்முகங்களைக் கடக்கிறது. உள்நாட்டுப் போர் முடியும் காலம் வரையில் இறக்கக்கண்டி, சலப்பையாறு, புடவைக்கட்டு, யான் ஓயா ஆகிய இடங்களில் பயணிகளும் வண்டிகளும் பாதை எனப்படும் மிதவைப் படகுகளில் காத்திருந்து அக்கரை சேர்ந்தனர். பின்னர் பாலங்கள் வரிசையாக அமைந்தபோது, ஒரு பகல் முழுதும் எடுத்த பயணம் ஏறத்தாழ ஒரு மணி நேரமாகச் சுருங்கியது. திரியாயில் சாலையை விட்டு மேற்கே திரும்பினால், சிறு குன்றின் மேல் கிரிஹண்டு சேய என்னும் தொன்மையான பௌத்தத் தலம் நிற்கிறது. தூபியைச் சுற்றி வட்டமாகக் கற்றூண்கள் நிறுத்திக் கூரை வேய்ந்த வட்டதாகை என்னும் கட்டட வகையைச் சேர்ந்தது அது. அருகிலுள்ள பாறையில் பல்லவ கிரந்தத்தை ஒத்த எழுத்தில் பொறித்த வடமொழிக் கல்வெட்டு, வங்கக் கடலின் வணிகப் பாதைகளோடு இவ்விடத்துக்கு இருந்த தொடர்பைக் காட்டுகிறது. குன்றின் உச்சியிலிருந்து பார்க்கையில் காடும் வயலும் கீற்றாகக் கடலும் ஒரே நோக்கில் அகப்படுகின்றன.

இந்த அழகிய தோற்றத்துக்குள் ஒரு நெருடலும் அடங்கியிருக்கிறது. 1980களிலும் 1990களிலும் வன்முறைக்கு அஞ்சித் திரியாய் முதலிய ஊர்களின் மக்கள் இடம்பெயர்ந்தனர். அவர்கள் இல்லாத ஆண்டுகளில் வயல்களில் பற்றை மூடி மரம் எழுந்தது. திரும்பி வந்தபோது தாங்கள் பயிரிட்ட காணிகள் வனத்துக்கும் வனவிலங்குக்கும் தொல்லியலுக்கும் உரிய எல்லைகளுக்குள் சேர்க்கப்பட்டிருப்பதாக இப்பகுதி மக்கள் முறையிட்டு வருகின்றனர். காட்டைக் காப்பது இன்றியமையாதது. ஆனால் உழுதவரின் நினைவையும் காணி உறுதியையும் கேளாமல் வரையப்படும் எல்லை, காட்டுக்குக் காவலராக இருக்கக்கூடியவரையே அதற்கு எதிராளியாக்கிவிடுகிறது. சூழலைப் பேணுதல் பற்றிய எந்தப் பேச்சும் இக்கரையில் இந்த வழக்குகளைத் தவிர்த்துவிட்டு நேர்மையாக நடக்க இயலாது.

திரியாய்க்கும் புல்மோட்டைக்கும் இடையே கடலில் கலக்கும் யான் ஓயா, இலங்கையின் ஐந்தாவது நீண்ட ஆறு. அனுராதபுர மாவட்டத்தின் ரிட்டிகல மலைப்பகுதியில் தோன்றி ஏறத்தாழ 142 கிலோமீற்றர் ஓடி வரும் இந்த ஆறு, கோடையில் பாலத்தின் கீழ் அசையாத குட்டையாகத் தோன்றினாலும், ஐப்பசி, கார்த்திகை மழையில் செம்மண் நிறத்தில் பெருகிக் கடலுக்குள் நெடுந்தூரம் கறை படிய விரிகிறது. கறையாகத் தோன்றும் அதுவே கரைக்கு ஊட்டம். கடற்கரை மணல் கடலில் பிறப்பதன்று. உள்நாட்டுப் பாறைகள் காலங்காலமாக வெயிலிலும் மழையிலும் சிதைந்து, ஆறுகளால் உருட்டி வரப்பட்டு, முகத்துவாரத்தில் கடலிடம் கையளிக்கப்பட்ட பின்னரே அலை அதைக் கரைநெடுகப் பரப்புகிறது. யான் ஓயாவின் குறுக்கே அண்மையில் கட்டப்பட்ட நீர்த்தேக்கம் வறண்ட நிலங்களுக்கு நீர் தருவது உண்மை. அதே நேரத்தில் எந்த அணையும் நீரை மட்டும் தேக்குவதில்லை, நீரோடு வரும் மணலையும் தேக்குகிறது என்பதும் உலகெங்கும் கண்டறியப்பட்ட உண்மை. எகிப்தில் அஸ்வான் அணை எழுந்த பின் நைல் ஆற்றின் கழிமுகக் கரை தேயத் தொடங்கியது இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. புல்மோட்டைக் கரையின் வருங்காலத்தைக் கணிக்க விரும்புபவர் கடலைப் பார்ப்பது போதாது. மேற்கே, ஆறு வரும் திசையையும் பார்க்க வேண்டும்.

புல்மோட்டை, பெரும்பான்மையாகத் தமிழ் பேசும் முஸ்லிம் மக்களின் ஊர். மீன்பிடியும் பெரும்போக நெற்செய்கையும் மந்தை வளர்ப்பும் கனிய மணல் ஆலையின் வேலையும் ஊரின் வாழ்வைத் தாங்குகின்றன. கனிய மணல் என்பது தொழிற்சாலைகளுக்குப் பயன்படும் கனமான தாதுக்கள் செறிந்த மணல். தமிழ்நாட்டில் இதைத் தாது மணல் என்பர். புல்மோட்டையில் முதன்முதலாகக் கடற்கரைக்கு இறங்குபவரைத் திகைக்க வைப்பது இதன் நிறமே. பொன்னிற மணலையே கடற்கரையென அறிந்த கண்ணுக்கு, மையைக் கொட்டிப் பரப்பியது போன்ற கருமையும், அதற்குள் வெயிலில் மின்னும் துகள்களும், ஓரத்தில் வெண்மணல் நெளிநெளியாகக் கலந்து வரைந்த கோடுகளும் புதியவை. கையில் அள்ளினால் எடையும் வியக்க வைக்கும். சாதாரணக் கடற்கரை மணலின் பெரும்பகுதியான படிகக்கல் நீரைவிட 2.65 மடங்கு கனமானது. கருமணலின் முதன்மைத் தாதுவாகிய இல்மனைட் ஏறத்தாழ 4.7 மடங்கு கனமானது. இரும்பும் தைட்டானியமும் ஒட்சிசனும் சேர்ந்த இந்தத் தாது, மூலமணலில் ஏறத்தாழ 70 சதவீதம் என்று கணிக்கப்படுகிறது. அதனுடன் ரூட்டைல், சிர்க்கோன் ஆகியவை கணிசமாகவும், சிலிமனைட்டும் மொனசைட்டும் சிறிதளவும் கலந்துள்ளன. கடைசியாகச் சொன்ன மொனசைட்டில் தோரியம் என்னும் கதிரியக்கத் தனிமம் உண்டு.

இத்தனை கனமான மணல் ஒரே இடத்தில் குவிந்ததற்குக் காரணம் அலையின் தெரிவு. சுளகில் புடைக்கையில் பதர் முன்னே பறக்க நெல்மணி பின்னே தங்குவது போல, கரைமேல் ஏறும் அலை எல்லா மணலையும் தூக்கி வந்தாலும், திரும்பும்போது வலுக்குறைந்த நீரால் இலேசான படிகக்கல்லையே இழுத்துச் செல்ல முடிகிறது. கனமானது கரையிலேயே ஒதுங்குகிறது. வடகீழ்ப் பருவமழைக் காலத்தில், அதாவது வாடைக்காற்று வீசி அலை மூர்க்கமாகும் மாதங்களில், இந்தத் தெரிவு மிகக் கூர்மையடைந்து கரை கறுக்கிறது. சோளகம் எனப்படும் தென்மேல் காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசி அலை அடங்கும் மாதங்களில் இலேசான மணல் மெல்லத் திரும்பி வந்து அதை மூடுகிறது. ஆகவே தையில் வருபவர் காணும் கடற்கரையும் ஆடியில் வருபவர் காணும் கடற்கரையும் ஒன்றல்ல. ஒரே இடத்தை இருமுறை, இரு காற்றுகளில் காணும் பொறுமை உடையவருக்கே இக்கரை தன் முழு வடிவத்தையும் காட்டுகிறது.

இந்த மணலை எடுத்துப் பிரிப்பதற்காக 1957இல் இலங்கைக் கனிய மணல் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. அது 1990களில் அரசுக்கு உரிய கம்பனியாக மாற்றப்பட்டது. வழித்தெடுத்த மணலைக் கழுவி, கனத்தால் பிரித்து, உலர்த்தி, காந்தத்தால் இல்மனைட்டை ஈர்த்து, மின்னேற்றத்தின் வழியாக ரூட்டைலையும் சிர்க்கோனையும் வேறாக்குவது ஆலையின் செய்முறை. இரசாயனத்தை விட இயற்பியலையே பெரிதும் நம்பிய இந்த முறை ஒப்பளவில் தூய்மையானது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பிரித்த தாது வெளிநாடுகளுக்குக் கப்பலேறுகிறது; 1997 செப்டெம்பரில், கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு இல்மனைட் ஏற்றிக்கொண்டிருந்த கோர்டியாலிட்டி என்னும் சரக்குக் கப்பல் விடுதலைப் புலிகளின் தாக்குதலில் மூழ்கியது, போர் இந்த மணலையும் விட்டுவைக்கவில்லை என்பதற்குச் சான்று. அப்பால் சென்ற தாது என்னவாகிறது என்பது பலர் அறியாதது. கறுப்பு இல்மனைட்டிலிருந்து பெறப்படும் தைட்டானிய ஈரொட்சைட்டு, உலகின் மிக வெண்மையான நிறமிகளுள் ஒன்று; வீட்டுச் சுவரின் வெள்ளைப் பூச்சிலும், தாளிலும், பற்பசையிலும் அதுவே உள்ளது. கடற்கரையைப் பார்க்கவே வராத ஒருவரும் ஒவ்வொரு காலையும் ஏதோவொரு கடற்கரையின் கருமணலோடு தொடர்பு கொள்கிறார்.

கடல் ஆண்டுதோறும் மணலைத் திரும்பக் கொண்டுவருகிறது, ஆகவே எடுப்பதால் குறைவில்லை என்னும் வாதம் இங்கு நெடுங்காலமாக வழங்குகிறது. அதில் பாதி உண்மை உண்டு. வாடை முடிகையில் கரை கறுத்திருப்பதைக் கண்ணாரக் காணலாம். ஆனால் கடல் கொண்டுவருவது அது ஏற்கெனவே சேர்த்து வைத்ததிலிருந்தும் ஆறுகள் புதிதாகத் தருவதிலிருந்துமே. ஆற்றின் வரவு அணைகளால் குறைகையில், கரையின் செலவு மட்டும் கூடிக்கொண்டே போவது நீடிக்க இயலாத கணக்கு. குமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சியில், 1909இல் ஜெர்மானிய வேதியியலர் ஷோம்பர்க் இத்தகைய மணலின் பெறுமதியை அடையாளம் கண்டதிலிருந்து ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அகழ்வு நடக்கிறது. தென் தமிழகக் கரைகளில் தனியார் தாது மணல் அகழ்வு கட்டுமீறிப் பெருகியபோது 2013இல் தமிழ்நாடு அரசு அதை நிறுத்த நேர்ந்தது. எவ்வளவு எடுக்கலாம் என்பதை விலையும் தேவையும் அன்றி, அந்த ஆண்டில் கரை எவ்வளவு மீண்டது என்னும் அளவீடே முடிவு செய்ய வேண்டும். அந்த அளவீட்டை ஊரார் பார்த்துக் கேள்வி கேட்கவும் வழியிருக்க வேண்டும்.

மணல் மேட்டின் மிகப் பெரிய பயன் தாதுவும் அன்று, அழகும் அன்று, நன்னீர். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில், மணலில் ஓர் ஆள் மட்டம் தோண்டியதும் உப்பில்லாத நீர் ஊறுவதைக் கிழக்குக் கரையில் பல இடங்களில் காணலாம். இப்படி மணலில் தோண்டும் ஆழமற்ற நீர்க்குழியைப் பூவல் என்பர். மழைநீர் மணலுக்குள் இறங்கி, தன்னிலும் கனமான கடல்நீரின் மேல் வில்லை வடிவில் மிதப்பதே இதன் மறைபொருள். நன்னீருக்கும் கடல்நீருக்கும் உள்ள அடர்த்தி வேறுபாடு நாற்பதில் ஒரு பங்கு. எனவே கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு மீற்றர் உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் வரை உப்புநீரை அமுக்கி வைக்கும் என்பது நிலத்தடி நீரியலின் அடிப்படைக் கணக்கு. பாறையின் ஆழத்தாலும் மழையின் அளவாலும் இந்தக் கணக்கு இடத்துக்கிடம் மாறும். ஆயினும் இதன் மறுபக்கம் எங்கும் ஒன்றே: மேட்டைத் தாழ்த்தினாலோ, விசைப்பம்பியால் அளவுக்கு மீறி இறைத்தாலோ, மேலே இழந்த சிறு உயரத்துக்குக் கீழே பல மடங்கு ஆழத்தில் உப்பு ஏறும். விடுதியொன்றில் தங்கும் பயணி குழாயைத் திறந்துவிட்டுப் பல் துலக்குகையில், இந்த மெல்லிய வில்லையிலிருந்தே எடுக்கிறார். வாளியால் அள்ளிக் குளித்த காலத்தில் கிணறு ஒவ்வொரு இறைப்பிலும் தன் மட்டத்தைக் கையின் களைப்பால் உணர்த்தியது. விசைப்பம்பி அந்த உணர்வைப் பறித்துவிட்டது.

மணல்மேட்டை நிறுத்தி வைப்பவை அடம்பன் கொடியும் இராவணன் மீசையுமே. ஊதா நிறப் பூவோடு நிலத்தில் படர்ந்து கணுக்கணுவாய் வேர்விடும் அடம்பன் ஒரு புறம் மணலைப் பிடிக்க, பந்து போன்ற முட்தலையைக் காற்றில் உருட்டி விதை பரப்பும் இராவணன் மீசை மறுபுறம் மேட்டை உயர்த்துகிறது. அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்னும் பழமொழியைக் கூட்டுறவுக்கு உவமையாகவே பலரும் அறிவர்; கடற்கரையில் நின்று பார்ப்பவருக்கு அது நேரான அவதானிப்பு. 2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை இக்கரையை அடித்துச் சென்ற பின், மேடும் தாவரமும் வெறும் அலங்காரம் அல்ல என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆயினும் கடற்காட்சிக்காக மேட்டை மட்டமாக்கி விடுதி எழுப்பும் பழக்கம் நிலாவெளியிலிருந்து வடக்கு நோக்கி நகர்ந்து வருகிறது. 1981இன் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் கரையை ஒட்டிய கட்டடங்களுக்கு அனுமதி பெறுவதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. சட்டம் எட்டாத இடத்தில், மேட்டின் பின்னே கட்டி மரப்படியால் கடலுக்கு இறங்கும் விடுதியைத் தேர்ந்து தங்கும் விருந்தினரின் தெரிவு எட்டும்.

ஊருக்கு அண்மையில் உள்ள அரிசிமலைக் கடற்கரை வேறு வகையானது. அங்குள்ள மணல், அரிசிக் குறுணையை ஒத்த பருமணிகளாக, வெண்மையும் பழுப்பும் கலந்து கிடக்கிறது. பாறைகள் கடலுக்குள் இறங்கும் அந்தச் சிறு குடா பயணிகளைக் கவர்வதில் வியப்பில்லை. அரிசி போன்ற மணலைச் சிறு போத்தலில் நிரப்பிச் செல்லும் ஆசையும் இயல்பானதே. ஆனால் ஆறுகளின் வரவு எட்டாத சிறு குடாக்களில் மணல் மீள நிரம்புவது மிக மெதுவாகும். இத்தாலியின் சார்டினியாத் தீவில், பயணிகள் நினைவுப் பொருளாக எடுத்துச் சென்ற மணலே கணிசமான இழப்பானதால், 2017இலிருந்து அதற்கு 500 முதல் 3,000 யூரோ வரை தண்டம் விதிக்கப்படுகிறது. தண்டத்துக்கு அஞ்சாமலே மணலை அதன் இடத்தில் விட்டுவரும் பயணி இக்கரைக்குத் தேவை.

கடற்றொழிலின் நாட்காட்டியும் காற்றையே பின்பற்றுகிறது. தென்மேல் பருவக்காற்றால் மேற்குக் கரை கொந்தளிக்கும் மாதங்களில் அக்கரையின் மீனவர் குடும்பங்கள் கிழக்குக்கு வந்து, வாடி எனப்படும் தற்காலிகக் குடிசைகளை அமைத்துத் தொழில் செய்வது நூற்றாண்டுப் பழக்கம். வந்தவர்க்கும் இருந்தவர்க்கும் இடையே கரைக்கும் வலைக்கும் உரிமை கோரும் பிணக்குகளும் அதே பழமை உடையன. கரைவலை இழுக்கும் காலை, பயணிக்கு விருந்தான காட்சி: படகு கடலுக்குள் அரைவட்டமாக வலையை விட்டுவர, இரு முனைகளையும் இரு அணிகள் கரையிலிருந்து இழுக்க, கடைசியில் மடி எனப்படும் பை நிறையச் சூடையும் சாளையும் பாரையும் துள்ளுகின்றன. அதே கரையில், ஒற்றை நைலோன் இழையால் ஆன தங்கூசி வலைத் துண்டுகளும் ஒதுங்கிக் கிடக்கின்றன. 2006இல் இலங்கை இவ்வலையைத் தடை செய்தது. நீரில் கண்ணுக்குத் தெரியாத இந்த இழை, அறுந்து கைவிடப்பட்ட பின்னும் பல ஆண்டுகள் மீனையும் ஆமையையும் சிக்கவைத்துக் கொல்கிறது என்பதே காரணம். நடக்க வருபவர் ஒரு துண்டு வலையைச் சுருட்டிக் கரைக்கு மேலே கொண்டுபோய்ச் சேர்ப்பது சிறு செயல்தான். எனினும் அலைக்குத் திரும்பிச் செல்லாத அந்த ஒரு துண்டு, ஆமையொன்றின் கழுத்துக்கு எட்டாது.

புல்மோட்டைக்கு வடக்கே நிலம் முடிந்து கொக்கிளாய்க் களப்பு தொடங்குகிறது. களப்பு என்பது மணல்திட்டொன்றால் கடலிலிருந்து பிரிக்கப்பட்டு, குறுகிய வாயால் அதனோடு இணையும் ஆழமற்ற உவர்நீர்ப் பரப்பு. திருகோணமலை, முல்லைத்தீவு மாவட்டங்களின் எல்லையில் பரந்திருக்கும் இக்களப்பு, 1951இலேயே பறவைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. சரணாலயத்தின் பரப்பு ஏறத்தாழ 2,000 ஹெக்டயர். கோடையில் கடலலை மணலைக் குவித்து வாயை அடைக்கிறது. நீர் தேங்கிச் சூடேறி உவர்ப்பு ஏறுகிறது. மாரியில் மா ஓயா முதலிய ஆறுகளின் வெள்ளம் உள்ளேயிருந்து அழுத்த, மணல்திட்டு உடைந்து வாய் திறக்கிறது. இந்த அடைப்பும் திறப்பும்தான் களப்பின் மூச்சு. இறால் கடலில் முட்டையிடுகிறது; அதன் நுண்குஞ்சுகள் வாய் திறந்த காலத்தில் நீரோட்டத்தோடு உள்ளே வந்து, கண்டல் வேர்களுக்கும் கடற்புல்லுக்கும் இடையே ஒளிந்து, உண்டு, சில மாதங்களில் வளர்ந்து மீண்டும் கடலுக்குப் புறப்படுகின்றன. வாய் உரிய காலத்தில் திறக்காத ஆண்டில் இறால் குறைவதும், வயல்களில் வெள்ளம் ஏறுவதும், உரிய காலத்துக்கு முன்பே வெட்டித் திறந்த ஆண்டில் நீர்மட்டம் விரைந்து வடிவதும் களப்பை நம்பி வாழ்பவர் அறிந்த தொடர்ச்சிகள். நெல் விளைப்பவருக்கு வாய் விரைவில் திறக்க வேண்டும், இறால் பிடிப்பவருக்கு நீர் நின்று ஓட வேண்டும்; இரு தேவைகளையும் ஒரே மணல்திட்டு தாங்கி நிற்கிறது.

நீர் வடிந்து சேற்றுத்தரை தலைகாட்டும் காலத்தில் பறவைகள் கூடுகின்றன. மத்திய ஆசிய வான்வழி எனப்படும் வலசைப் பாதையின் தென்முனையில் இலங்கை அமைந்திருப்பதால், வடக்கே உறைபனி தொடங்கும்போது புறப்படும் உள்ளான்களும் ஆலாக்களும் வாத்துகளும் கார்த்திகையிலிருந்து பங்குனி வரை இங்கே தங்குகின்றன. கூழைக்கடா, நாரை, கொக்கு ஆகியவற்றோடு சில பருவங்களில் பூநாரைக் கூட்டங்களும் வருகின்றன. பூநாரையின் இளஞ்சிவப்பு நிறம் அது வடிகட்டி உண்ணும் நுண்பாசிகளிலிருந்தும் சிற்றிறால்களிலிருந்தும் வருவது. பறவையை நெருங்கிப் படம் எடுக்கும் ஆவலில் கூட்டத்தை எழுப்பிப் பறக்க விடுவது பலருக்கு வேடிக்கை. ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் பறந்து வந்த பறவைக்கோ, ஒவ்வொரு முறை எழுவதும் திரும்பும் பயணத்துக்காகச் சேர்த்த கொழுப்பின் செலவு. தொலைநோக்கியும் ஒரு மணி நேர அமைதியும் கொண்டு வருபவருக்குக் களப்பு தருவது, விரட்டிப் படம் பிடித்தவர் ஒருபோதும் காணாதது.

உட்புறக் காடும் தன் பருவத்தை உடையது. வைகாசி, ஆனி மாதங்களில் பாலை மரம் பழுத்து, அதன் சிறு மஞ்சள் கனிகள் சாலையோரத்தில் விற்பனைக்கு வருகின்றன. பிசுபிசுக்கும் பாலும் மிகுந்த இனிப்பும் கொண்ட இப்பழம், கரடிக்கும் குரங்குக்கும் பறவைக்கும் ஆண்டின் வறண்ட மாதங்களில் கிடைக்கும் பேருணவு. எட்டாத கனிக்காகக் கிளையையே வெட்டி வீழ்த்துவது அடுத்த பல ஆண்டுகளின் பழத்தை ஒரு நாளில் தின்பதாகும். பாலை மிக மெதுவாக வளரும் மரம். வாங்குபவர், பழம் உலுக்கி எடுத்ததா கிளையோடு வெட்டியதா என்று ஒரு வார்த்தை கேட்டு வாங்கினால், அக்கேள்வி காட்டுக்குள் சென்று சேரும்.

சாலையோரக் கடையில் சோற்றுப் பொதி வாங்கும்போதும் ஒரு தெரிவு இருக்கிறது. 20 மைக்ரோனுக்கு மெல்லிய பொலித்தீனையும் லஞ்ச் ஷீட் எனப்படும் உணவுறைத் தாளையும் இலங்கை 2017 செப்டெம்பரில் தடை செய்தது. 2023 ஒக்டோபரில் ஒருமுறை பயன்படுத்தும் உறிஞ்சு குழல், தட்டு, கரண்டி, பிளாஸ்டிக் இடியப்பத் தட்டு, மாலை ஆகியவையும் தடைக்குள் வந்தன. தடையை நிறைவேற்றும் வேகம் எங்கும் ஒன்றாக இல்லை. பழைய தலைமுறைக்குத் தடையே தேவைப்படவில்லை: மீனுக்குப் பனையோலையால் இழைத்த உமல், சோற்றுக்கு வாழையிலை, இடியப்பத்துக்குப் பனையீர்க்குத் தட்டு என எல்லாம் வளவிலிருந்தே வந்து வளவுக்கே உரமாகத் திரும்பின. காட்டோரத்தில் வீசிய உணவுப் பொதி அங்கேயே கிடப்பதும் இல்லை. அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் மேய்ந்த யானைகளின் வயிற்றில் உணவு மணம் ஏறிய பொலித்தீன் நிறைந்திருந்ததும், அவற்றுள் பல இறந்ததும் கிழக்கு மாகாணம் முழுவதற்கும் எச்சரிக்கை. புல்மோட்டையைச் சூழ்ந்த காடுகளும் யானையின் நடமாட்டம் உள்ளவையே.

களப்பின் தென்கரையில் சாலை நின்றுவிடுகிறது. எதிர்க்கரையில் கொக்கிளாய் கண்ணுக்குத் தெரிந்தாலும், படகேறாதவர் உள்நாட்டு வழியாக நெடுந்தூரம் சுற்றியே முல்லைத்தீவை அடைய வேண்டியிருக்கிறது. இங்கு ஒரு பாலம் வேண்டும் என்பது இரு கரை மக்களின் நெடுங்காலக் கோரிக்கை. நோயாளிக்கும் மாணவருக்கும் மீன் வியாபாரிக்கும் அது தரும் பயனை எவரும் மறுக்க இயலாது. பாலம் அமைகையில் அதன் தூண்களும் அணுகுகரைகளும் முகத்துவாரத்தைக் குறுக்காமல், மாரி வெள்ளம் மணல்திட்டை உடைத்து வெளியேறவும் இறால் குஞ்சு உள்ளே வரவும் போதிய அகலம் விடப்பட வேண்டும்; அணுகுகரைக்கான மண் களப்பின் ஓரத்திலிருந்தோ மணல்மேட்டிலிருந்தோ வெட்டப்படாமல் வேறிடத்திலிருந்து வர வேண்டும். வாய் எந்த மாதத்தில், எந்தப் பக்கம், எவ்வளவு அகலத்தில் உடைகிறது என்பதைத் தலைமுறைகளாகப் பார்த்துவரும் புல்மோட்டை, கொக்கிளாய் மீனவரையும் விவசாயிகளையும் பொறியியலாளர் வரைபடம் போடும் முன்னரே அழைத்துக் கேட்பது, பின்னர் எழுதப்படும் எந்தச் சுற்றாடல் மதிப்பீட்டு அறிக்கையையும் விடப் பயன் தரும்.